பெரட்டுக்கு மணி உண்டு, வெள்ளத்துக்கு?

பெரட்டுக்கு ஆள் சேர்க்க ஒவ்வொரு தோட்டத்திலும் ஏதாவது ஓர் ஓசை உண்டு. தண்டவாளத் துண்டை மரத்தில் கட்டித் தொங்கவிட்டு அடித்த தோட்டங்கள் இருந்தன. சங்கு ஊதிய தோட்டங்கள் இருந்தன. கைத்தொலைபேசியில் செய்தி அனுப்பும் தோட்டங்கள் இன்று இருக்கின்றன. எப்படியானாலும் சரி, விடியுமுன் தொழிலாளி எழுந்து உளியும் வாளியுமாகக் களத்தில் வந்து நிற்க வேண்டும் என்பதற்கு நூறு ஆண்டுகளுக்கு மேலாகத் தவறாத ஏற்பாடு ஒன்று இருந்து வருகிறது. காய்ச்சலில் படுத்தவனையும் தட்டி எழுப்பும் ஏற்பாடு அது. நாம் கேட்பது இதுதான்: அதே லயத்தை நோக்கி நள்ளிரவில் ஆறு பெருகி வந்தால் யார் மணி அடிப்பது? எந்த மணியை அடிப்பது? அடித்தால் பிள்ளைகுட்டிகளோடு எந்தப் பக்கம் ஓடுவது? இந்த மூன்று கேள்விகளுக்கும் பதில் எழுதி வைத்திருக்கும் தோட்டங்கள் எத்தனை?

நவம்பர் பிறந்தால் வடகிழக்குப் பருவக்காற்றின் ஆட்சி தொடங்கிவிடும். மார்ச்சு வரை நீடிக்கும். கிளந்தான், திரங்கானு, பகாங், ஜொகூர் என்று கிழக்குப் பக்கம் முதலில் நனையும். மரம் நனைந்தால் வெட்டு இல்லை. வெட்டு இல்லையேல் கூலி சுருங்கும். ஆகவே மழையை நாம் எப்போதும் வயிற்றுக் கணக்கில்தான் பார்த்து வந்திருக்கிறோம். உயிர்க் கணக்கில் பார்க்கப் பழகவில்லை.

அரசாங்கம் ஒன்றுமே செய்யவில்லை என்று கூச்சலிடுவது நம் நோக்கமன்று. செய்திருப்பதைச் சொல்லிவிடுவோம். வானிலை இலாகா விடாமழையைப் பற்றி மூன்று படிகளில் எச்சரிக்கை விடுகிறது. மஞ்சள் என்றால் விழித்திரு. ஆரஞ்சு என்றால் நிலைமை மோசம். சிவப்பு என்றால் அபாயம். மலாய் மொழியில் வஸ்பாடா, பூரோக், பஹாயா என்பார்கள். இடிமழைக்குத் தனி எச்சரிக்கை உண்டு. அது ஆறு மணி நேரத்துக்கு மேல் செல்லாது, தேவையானால் புதிதாக விடுவார்கள். நீர்ப்பாசன வடிகால் இலாகா தன் பங்குக்கு ஆறுகளில் அளவுகோல்களும், தாமே கணக்கெடுத்து அனுப்பும் கருவிகளும் வைத்திருக்கிறது. ஒவ்வோர் இடத்திலும் வழக்கமான நீர்மட்டத்துக்கு மேலே வஸ்பாடா, அமாரான், பஹாயா என்று மூன்று கோடுகள். உதாரணமாக, கோல கிராயில் கிளந்தான் ஆற்றின் அபாயக் கோடு 25 மீட்டர். 2014 டிசம்பர் வெள்ளத்தில் அங்கே ஆறு 34 மீட்டரைத் தாண்டிற்று. ஒன்பது மீட்டர் அதிகம். மூன்று மாடி வீட்டின் உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த எண்களை இன்று யார் வேண்டுமானாலும் கைத்தொலைபேசியில் இலாகாவின் இன்ஃபோ பஞ்சீர் பக்கத்தைத் திறந்து பார்க்கலாம். 2015-இல் பேரிடர் நிர்வாகத்துக்கென்றே நட்மா என்ற நிறுவனம் பிரதமர் துறையின் கீழ் அமைந்தது. மாவட்டந்தோறும் மாவட்ட அதிகாரியின் தலைமையில் ஒரு குழுவும் உண்டு.

இவ்வளவும் இருந்தும் 2021 டிசம்பரில் நடந்தது என்ன?

தென்சீனக் கடலிலிருந்து வந்த தாழ்வழுத்தம் தீபகற்பத்தின் குறுக்கே நகர்ந்தது. டிசம்பர் 17, வெள்ளிக்கிழமை தொடங்கிய மழை மறுநாளும் நிற்கவில்லை. ஒரு மாதத்தில் பெய்ய வேண்டியது ஒரே நாளில் கொட்டித் தீர்த்தது என்று அரசாங்க அதிகாரிகளே சொன்னார்கள். சிலாங்கூரே மிதந்தது. ஐம்பதுக்கு மேற்பட்ட உயிர்கள் போயின. நட்டம் 610 கோடி வெள்ளி என்று புள்ளிவிவர இலாகா பின்னர் கணக்குச் சொன்னது. ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் மக்கள் மாடியிலும் கூரையிலும் ஏறி நின்று, சோறு தண்ணீரின்றி, படகு வருமா வருமா என்று காத்துக் கிடந்தார்கள். பல இடங்களில் முதலில் வந்த படகு சர்க்கார் படகன்று. யாரோ முகம் தெரியாத இளைஞர்களின் படகு. கிள்ளான் வட்டாரத்துத் தோட்டங்கள் துண்டாடப்பட்டு வெளியேறிய குடும்பங்கள் பல இப்படிப்பட்ட தாமான்களில்தாம் குடியிருக்கின்றன. அவர்கள் நமக்கு அந்நியர் அல்லர். நேற்று நம்மோடு நிரை பிடித்தவர்கள், அல்லது அவர்களின் பிள்ளைகள்.

வானிலை இலாகா அப்போது எச்சரிக்கை விடாமல் இருந்ததா? இல்லை, விட்டிருந்தது. நாம் கவனிக்க வேண்டிய இடம் இதுவே. செய்தி பெட்டாலிங் ஜெயாவிலிருந்து புறப்பட்டது. அது ஸ்ரீ மூடாவின் கீழ்வீட்டுக் கிழவியின் காதில், அவருக்குப் புரியும் சொல்லில், ‘அம்மா, மூட்டையைக் கட்டுங்கள், லோரி வெளியே நிற்கிறது’ என்று போய்ச் சேரவில்லை. ‘சிலாங்கூரில் விடாமழை’ என்பது வானத்தைப் பற்றிய செய்தி. ‘உங்கள் வீதியில் இரவு எட்டு மணிக்கு இடுப்பளவு தண்ணீர் வரும், ஆறு மணிக்குள் பள்ளிக்கூடத்துக்குப் போய்விடுங்கள்’ என்பதே எச்சரிக்கை. முன்னதைப் பின்னதாக மாற்றிச் சொல்ல வழியில் ஆள் வேண்டும். அந்த ஆள் இல்லை.

இதையே 2004-இல் இன்னும் கொடூரமாகக் கண்டோம். டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. சுமத்திராக் கரைக்கு அப்பால் கடலடியில் பூமி அதிர்ந்தபோது நம் நேரம் காலை 9 மணி ஆக இரண்டு நிமிடம். பினாங்கிலும் கெடாவின் கோத்தா கோல மூடாவிலும் அலை ஏறியபோது பகல் 1 மணிக்கு மேல். இடையில் நான்கு மணி நேரம்! ஒருவன் இரண்டு நிரை வெட்டி, பால் எடுத்து, ஸ்டோரில் எடை போட்டு, வீடு திரும்பிப் பசியாறும் நேரம். ஹவாயில் இருந்த நிலையம் நிலநடுக்கத்தைச் சில நிமிடங்களிலேயே கண்டுகொண்டது. ஆனால் அது பசிபிக் நாடுகளுக்காக வைத்த நிலையம். இந்து மாக்கடலுக்கு அப்படி ஓர் ஏற்பாடே இல்லை. விடுமுறைக்குக் கடற்கரைக்குப் போன குடும்பங்கள் அலையில் போயின. மலேசியாவில் மட்டும் 68 பேர் மாண்டனர். அதே காலை, அதே கடலின் மறுகரையில், நாகப்பட்டினத்தில் ஆயிரக்கணக்கானோர். ரஜூலா கப்பலில் நம் பாட்டன் பாட்டி ஏறிய துறைமுகம் நாகப்பட்டினம். இறங்கிய துறைமுகம் பினாங்கு. இரண்டுக்கும் அன்று ஒரே அலை. இரண்டுக்கும் ஒரு வார்த்தை சொல்ல ஆளில்லை. அதற்குப் பிறகுதான், 2005-இல், நம் நாட்டில் ஆழிப்பேரலை எச்சரிக்கை நிலையம் அமைந்தது; கரையோரங்களில் சைரன் தூண்கள் எழுந்தன. மனிதர் செத்த பிறகுதான் தூண் நடப்படும் என்றால், அடுத்த தூணுக்கு நம் லயத்தில் எத்தனை பேர் சாக வேண்டும்?

‘நம் நாட்டுக்குப் புயல் வராது’ என்று சொல்லிக்கொண்டு சாய்வு நாற்காலியில் படுத்திருக்கும் பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 1996 டிசம்பர் 26-இல் கிரெக் என்ற புயல் சபாவில் புகுந்தது. கெனிங்காவ் பக்கம் இருநூறுக்கு மேற்பட்டோர் மாண்டனர். 2001 டிசம்பர் 27-இல் வாமெய் புயல் ஜொகூரின் தென்கிழக்குக் கரையில் ஏறியது. பூமத்திய ரேகைக்கு ஒன்றரை டிகிரி அருகில் புயல் உருவாகாது என்று அதுவரை புத்தகங்கள் சொல்லி வந்தன. புயல் புத்தகம் படிக்கவில்லை போலும்.

இந்தத் தேதிகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒரு வேடிக்கை தெரியும். 1996, 2001, 2004, 2014, 2021: எல்லாம் டிசம்பர். தோட்ட ஆபீசில் பாதி நாற்காலி காலியாகக் கிடக்கும் மாதம் எது என்று கிராணிமார்களைக் கேளுங்கள். துரைமார் லீவில் போகும் மாதம். பள்ளிக்கூடம் அடைக்கும் மாதம். லோரி டிரைவர் ஊருக்குப் போகும் மாதம். அந்த மாதத்தில்தான் கையெழுத்துப் போடுகிறவரும் இருப்பதில்லை.

நமக்கு நன்கு தெரிந்த ஒரு தோட்டம், பெயர் வேண்டாம். ஒரு வெள்ளிக்கிழமை மாலை, ஆபீஸ் அடைக்கும் நேரத்தில், மழை எச்சரிக்கை மின்னஞ்சலில் வந்தது. மலாய் மொழியில் இரண்டு பக்கம். கிராணி அதை அச்செடுத்து, மேனேஜர் பார்வைக்கு என்று தட்டில் வைத்தார். கையெழுத்தில்லாமல் எந்த அறிவிப்பையும் பலகையில் ஒட்டக்கூடாது என்பது அந்த ஆபீசின் சட்டம். மேனேஜர் லீவு முடிந்து செவ்வாய்க்கிழமை வந்தார், கையெழுத்திட்டார், அறிவிப்பு பலகையில் ஏறியது. ஆற்றோர லயத்தில் ஞாயிற்றுக்கிழமை புகுந்த தண்ணீர் வடிந்து, பெண்கள் அன்று பாயையும் பானையையும் சேறு கழுவிக்கொண்டிருந்தார்கள். உயிர்ச்சேதம் இல்லை, தண்ணீர் முழங்காலோடு நின்றுவிட்டது. அந்தக் கிராணி கெட்டவரல்லர், மேனேஜரும் கொடுமைக்காரரல்லர். ஆனால் ஞாயிற்றுக்கிழமை இரவு தண்ணீர் கழுத்துவரை வந்திருந்தால் அந்தக் கையெழுத்தின் விலை என்ன?

நாட்கணக்கில் முன்னறிவிப்புத் தரும் மழை ஒரு வகை. மணிக்கணக்கும் தராத தண்ணீர் இன்னொரு வகை. 2022 ஜூலை 4-ஆம் தேதி கெடா பாலிங் வட்டாரத்தில், கூப்பாங் பக்கம், குனோங் இனாஸ் மலையிலிருந்து இறங்கிய வெள்ளம் சேற்றையும் முறிந்த மரங்களையும் உருட்டிக்கொண்டு ஊருக்குள் பாய்ந்து மூன்று பேரைக் கொண்டுபோயிற்று. ரப்பர் விலை விழுந்து வயிறு காய்ந்ததனால் 1974-இல் பாடுபடும் மக்கள் தெருவில் இறங்கிய அதே பாலிங். இப்படிப்பட்ட தண்ணீருக்கு மலாய்க்காரர் கெபாலா ஆயர் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஊரில் தூறல்கூட இருக்காது, மலையில் பெய்திருக்கும். தெளிந்து ஓடிய ஓடை திடீரென்று கலங்கும், சருகும் குச்சியும் மிதந்து வரும், மேலே எங்கோ லோரி ஓடுவதுபோல் இரைச்சல் கேட்கும். அப்போது கைத்தொலைபேசியைத் தேடக்கூடாது. கரையேறி ஓட வேண்டும். மேட்டுப்பக்கம் நிரையில் நிற்கிறவன் ஓடையின் நிறத்தை முதலில் பார்ப்பான். அவன் கீழே இருக்கிறவர்களுக்குச் சொல்ல வழியிருந்தால், பத்து நிமிடம் கிடைக்கும். பத்து நிமிடத்தில் ஆயாக் கொட்டகைப் பிள்ளைகள் அத்தனை பேரையும் மேட்டுக்கு ஏற்றிவிடலாம். ஆகவே, இலாகாவின் கருவி ஒரு கண் என்றால், மேட்டில் நிற்கும் தொழிலாளி மற்றொரு கண். எச்சரிக்கை மேலிருந்து கீழே மட்டும் வருவது என்று எண்ணிவிட வேண்டாம்.

இனி, நம்மவர்களை ஆண்டுதோறும் ஓசைப்படாமல் தின்றுவரும் ஆபத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அது மின்னல். உலகத்தில் இடி அதிகம் விழும் நாடுகளில் நம் நாடும் ஒன்று. வெள்ளத்தில் ஐம்பது பேர் போனால் பத்திரிகையில் படம் வரும். மரத்தடியில் ஒரு பெண் கருகி விழுந்தால் அடுத்த தோட்டத்துக்கே செய்தி போவதில்லை. மின்னல் வெட்டியதும் எண்ணத் தொடங்குங்கள். இடி கேட்கும் வரை மூன்று எண்ணினால் ஒரு கிலோமீட்டர். முப்பது எண்ணுவதற்குள் இடி கேட்டால் மின்னல் பத்து கிலோமீட்டருக்குள் இருக்கிறது. அப்போதே மரத்தை விட்டு வெளியேற வேண்டும். நாலு பக்கமும் திறந்த கொட்டகை காப்பாற்றாது. சுவருள்ள கட்டிடமோ கதவடைத்த லோரியோ காப்பாற்றும். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழித்துத்தான் திரும்ப வேண்டும். இது விஞ்ஞானிகள் சொல்லும் கணக்கு.

கணக்கு சரி. ஆனால் மங்கில் பால் நிறைந்து நிற்கும்போது இடிக்குப் பயந்து ஓடியவன் யார்? வானம் இருண்டதும் தொழிலாளி செய்வது என்ன? இன்னும் வேகமாக ஓடி ஓடி மங்கைக் கவிழ்க்கிறான். மழை விழுந்தால் பால் கெடும். பால் கெட்டால் காலை நான்கு மணியிலிருந்து பட்ட பாடு தண்ணீரோடு போகும். மின்னலுக்குப் பயப்படு என்று வானிலை இலாகா சொல்கிறது. எடைக்குப் பயப்படு என்று தராசு சொல்கிறது. தராசின் குரல்தான் அவனுக்கு எட்டுகிறது, ஏனென்றால் மாதக் கடைசியில் மளிகைக் கடைக்காரர் கேட்பது அந்தக் கணக்கைத்தான். அறியாமையால் தொழிலாளி மரத்தடியில் நிற்கிறான் என்று மேடையில் பேசுகிறவர்களைப் பார்த்து நாம் சொல்கிறோம்: ஐயா, அவன் அறிந்தே நிற்கிறான். அவனை நிற்க வைப்பது கூலி முறை. எச்சரிக்கை வந்த நாளில் விட்டுவந்த பாலுக்குக் கூலி உண்டு என்று எழுத்தில் வந்தால், அன்றைக்கே அவன் கால் தானாக நகரும்.

இதற்குச் சட்டத்தில் ஒரு வாசல் திறந்திருக்கிறது. 1994-ஆம் ஆண்டுத் தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் 2022-இல் திருத்தப்பட்டு, 2024 ஜூன் 1 முதல் நடப்புக்கு வந்திருக்கிறது. அதில் 26A என்ற புதிய பிரிவு. வேலையிடத்தில் உடனடி அபாயம் இருக்கிறது என்று நம்ப நியாயமான காரணம் இருந்து, முதலாளி அதை நீக்க ஒன்றும் செய்யாவிட்டால், தொழிலாளி அந்த இடத்தை விட்டு விலகலாம். அதற்காக அவரைப் பழிவாங்கக்கூடாது, தகாத விளைவுக்கு ஆளாக்கக்கூடாது என்கிறது அந்தப் பிரிவு. நல்ல சட்டம். ஆனால் ஸ்டோரில் எடை போடும்போது பால் குறைந்ததென்று அன்றைய கூலியைக் குறைத்தால், அது தகாத விளைவா, இல்லையா? நீதிமன்றம் சொல்லும்வரை காத்திருக்க வேண்டுமா? ஒப்பந்தம் பேச உட்காரும்போது ஒரு வரியாக எழுதி வாங்கிவிட்டால் வழக்கே இல்லை. வெயிலுக்கும் இதே நியாயம். மூன்று நாள் தொடர்ந்து 35 டிகிரிக்கு மேல் போனால் முதற்படி, 37-க்கு மேல் போனால் இரண்டாம் படி, 40-க்கு மேல் மூன்றாம் படி என்று வானிலை இலாகா வகுத்திருக்கிறது. மருந்தடிக்கும் பெண்கள் முதுகில் தொட்டியோடு நண்பகலில் நிற்கிறார்கள். அந்தப் படிகளை அவர்களிடம் யாராவது படித்துக் காட்டியதுண்டா?

எப்படிச் செய்வது என்று கேட்பவர்களுக்கு வழிகாட்ட வெகுதூரம் போக வேண்டாம். பக்கத்து நிரையில் வேலை செய்யும் வங்காளதேசத் தோழரைக் கேளுங்கள். அவர் நாட்டில் 1970 நவம்பரில் அடித்த புயலில் மூன்று லட்சத்துக்கும் குறையாத மக்கள் மாண்டார்கள். உலகம் கண்ட கொடிய புயல் அது. அதன் பிறகு அவர்கள் பெரிய இயந்திரங்களை வாங்கிக் குவிக்கவில்லை. வாங்கப் பணமும் இல்லை. கிராமத்துக்குக் கிராமம் தொண்டர்களைத் திரட்டினார்கள். கையில் ஓர் ஒலிபெருக்கி, கையால் சுற்றும் ஒரு சைரன், ஒரு வானொலி, சில கொடிகள். அபாயம் நெருங்க நெருங்க ஒரு கொடி, இரண்டு கொடி, மூன்று கொடி. எழுதப் படிக்கத் தெரியாத மீனவனும் கொடியை எண்ணுவான். வானொலியில் கேட்டதைத் தொண்டர் வீட்டு வாசலில் நின்று அந்த ஊர்ப் பேச்சில் சொல்வார். கிழவர்களைத் தோளில் தூக்கிப்போவார்.

அதனால் எல்லாம் ஒரே நாளில் சரியாகிவிடவில்லை. 1991-இல் மறுபடி பெரும்புயல்; ஒரு லட்சத்துக்கும் மேல் செத்தார்கள். எச்சரிக்கை பலர் காதில் விழுந்தது; ஓடி ஒதுங்கப் போதுமான கட்டிடங்கள் இல்லை. வீட்டையும் மாட்டையும் விட்டுவர மனமில்லாமல் நின்றவர்களும் உண்டு. மாண்டவர்களில் பெண்களே அதிகம். பாடம் படித்தார்கள். தூண்மேல் நிற்கும் புகலிடங்களைக் கட்டினார்கள். பெண்களைத் தொண்டர் படையில் சேர்த்தார்கள். 2007-இல் சித்ர் புயல் அதே கரையை அடித்தபோது மாண்டவர்கள் மூவாயிரத்துச் சொச்சம். ஓர் உயிரும் பெரிதுதான். ஆனாலும் மூன்று லட்சம் எங்கே, மூவாயிரம் எங்கே! இன்று எழுபதாயிரத்துக்கு மேற்பட்ட தொண்டர்கள், பாதிப்பேர் பெண்கள். அந்த ஏழை நாட்டு மக்கள் செய்ததை, கிளைச் சங்கமும் மாதர் பகுதியும் இளைஞர் பகுதியும் இருக்கிற நம்மால் நூறு வீட்டுக்குச் செய்ய முடியாதா?

ஐக்கிய நாட்டுச் சபை 2022-இல் ஒரு திட்டத்தை அறிவித்தது. 2027 முடிவதற்குள் உலகத்தில் ஒவ்வொருவருக்கும் முன்னெச்சரிக்கை போய்ச் சேர வேண்டுமாம். இருபத்து நான்கு மணி நேரம் முன்னதாகச் சொன்னால் சேதத்தில் முப்பது விழுக்காட்டைத் தவிர்க்கலாம் என்றும் கணக்குக் காட்டியிருக்கிறார்கள். ஒவ்வொருவர் என்றால் அதில் ஆற்றோர லயமும் சேர்த்திதான். லயம் என்ற பெயர் பல தோட்டங்களில் மறைந்து தனி வீடுகள் வந்துவிட்டன; ஆனால் தாழ்ந்த நிலம் தாழ்ந்த நிலமாகவே இருக்கிறது.

இங்கே கிராணிமார்களுக்கு ஒரு வார்த்தை. மலாய்ச் சுற்றறிக்கையும் ஆங்கிலக் கடிதமும் முதலில் விழுவது நம் மேஜையில். செக்ரோலில் ஒரு பெயர் விட்டுப்போனால் இரவு பத்து மணிக்கும் திறந்து திருத்துகிறோம். எச்சரிக்கைத் தாளைத் திங்கட்கிழமைக்கு வைக்கலாமா? அதை நான்கு வரியில் தமிழாக்கிச் சொல்ல மேனேஜரின் அனுமதி வேண்டியதில்லை; அரசாங்கம் ஊரறிய வெளியிட்ட செய்தி அது. தமிழ் மட்டும் போதாது. இன்று தோட்டங்களில் வங்காளி உண்டு, நேப்பாளி உண்டு, இந்தோனேசியர் உண்டு. அவர்களுக்குள் மலாய் தெரிந்த ஒருவரைப் பிடித்து, அவர் வாயால் சொல்ல வைக்க வேண்டும். பெரும்பாலும் அவர்கள் கொங்சி வீடுகள்தாம் தோட்டத்தின் கடைசியில், ஓடைக்குப் பக்கத்தில் இருக்கின்றன. அவர்கள் நம் சங்கத்தில் சேர்ந்திருக்கிறார்களா இல்லையா என்று அன்றைக்குப் பார்க்க வேண்டாம்.

இன்னொன்று. பொய் எச்சரிக்கை. வாட்ஸ்அப்பில் யாரோ எந்த ஆண்டோ எடுத்த வெள்ளப் படத்தை அனுப்பி, ‘அணை உடைந்தது, ஓடுங்கள்’ என்பான். இரண்டு முறை ஓடிப்போய்த் திரும்பியவன் மூன்றாம் முறை நகர மாட்டான். அதனால்தான் ஊருக்கு ஒரு வாய் வேண்டும் என்கிறோம். இன்னார் சொன்னால் உண்மை. இன்னார் மணி அடித்தால் எழுந்திரு. அவர் கிராணியாக இருக்கலாம், கங்காணியாக இருக்கலாம், ஆயம்மாவாகவும் இருக்கலாம். ஊர் நம்புகிறவராக இருக்க வேண்டும். அவர் லீவில் போனால் அடுத்தவர் யார் என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

கிளைச் செயலாளர்கள் மழை தொடங்குமுன் வரும் கூட்டத்திலேயே இதைப் பொருள் நிரலில் சேர்க்கும்படி கேட்டுக்கொள்கிறோம். நிர்வாகத்தோடு உட்கார்ந்து பேச வேண்டியவை அதிகமில்லை. பெரட்டு மணியிலிருந்து வேறுபட்டுக் கேட்கும் ஓர் அபாய மணி. அதை அடிக்கும் இருவர் பெயர். மேட்டில் உள்ள கோயில் மண்டபமோ பள்ளிக்கூடமோ ஸ்டோரோ, எதுவானாலும் அதன் சாவி இரவில் யாரிடம் என்பது. லோரிச் சாவி யாரிடம் என்பது. படுத்த படுக்கையாய் இருப்பவர், கர்ப்பிணி, தனியாக வாழும் முதியவர் இருக்கும் வீடுகளின் பட்டியல். எச்சரிக்கை நாளில் வேலை நின்றால் கூலி. கடைசியாகச் சொன்னதற்கு நிர்வாகம் முகம் சுளிக்கும். மற்றவற்றுக்கு ஒரு காசு செலவில்லை என்பதால் உடனே தலையாட்டும். தலையாட்டியதோடு எழுந்துவிடாமல் கூலிப் பேச்சையும் முடித்துவிட்டு எழுந்திருங்கள். பிறகு ஒருநாள், மழையில்லாத மாலையில், மணியை அடித்துப் பார்த்து எல்லாரும் மேட்டுக்கு நடந்து பாருங்கள். கடைசி வீட்டார் வந்து சேர எத்தனை நிமிடம் ஆயிற்று என்று குறித்துக்கொள்ளுங்கள். தீர்மானத்தோடு அந்த நிமிடக் கணக்கையும் சேர்த்து ஒரு பிரதியை மாவட்ட அதிகாரிக்கும், ஒன்றைச் சங்கத் தலைமையகத்துக்கும், ஒன்றை நமக்கும் அனுப்பி வையுங்கள். வந்து சேரும் கணக்குகளைத் தோட்டத்தின் பெயரோடு இப்பத்திரிகையில் வெளியிடுவோம்.